குழந்தைகளோடு வீட்டிலேயே பனீர்: பால் வாங்குவது முதல் துண்டு போடுவது வரை

எங்கள் வீட்டில் பால் திரிந்துவிட்டால் பாட்டியின் முகம் வாடிவிடும். மும்பைக்கு வந்து, செம்பூரில் குடியேறி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது வயது மகளும் நான்கு வயது மகனும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு சமையலறையில் நின்றதைப் பார்த்தபோது, "நல்ல பாலைக் கொண்டுபோய் வேணும்னே திரிய வைப்பாங்களா?" என்று அவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அன்று வடித்த பனீரில் ஒரு பிடி எடுத்து, உப்பும் மிளகும் தூவி அவர் உள்ளங்கையில் வைத்தோம். அடுத்த வாரம், பழைய வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, வடிகட்டும் துணியாக எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால் இரண்டாகப் பிரியும். பிரிந்ததை வடித்து அழுத்தினால் பனீர். இவ்வளவு எளிய செய்முறையாக இருந்தும், குழந்தைகளோடு செய்யும்போது பலர் அவர்களை வேடிக்கை பார்க்க வைத்துவிட்டு, கடைசியில் ஒரு துண்டைக் கையில் கொடுப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில், புளிப்பை ஊற்றும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்தால்தான் பனீர் நன்றாக வருகிறது. பெரியவர்கள் அவசரத்தில் மொத்தமாகக் கொட்டிவிடுவார்கள். குழந்தைகளோ ஒவ்வொரு கரண்டியையும் எண்ணி எண்ணி ஊற்றுவார்கள். அந்த நிதானம்தான் இந்தச் செய்முறைக்கு வேண்டியது.

நேரக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுப்பு வேலைக்கு ஏறத்தாழ 25 நிமிடம், வடிப்பதற்கும் அலசுவதற்கும் 10 நிமிடம், அழுத்தி வைப்பதற்கு 30 முதல் 40 நிமிடம், பிறகு குளிர்ந்த நீரில் ஊறுவதற்கு 2 மணி நேரம். காலை 9 மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குத் துண்டு போட்ட பனீர் தயார்.

பால்

முதல் முறை 1 லிட்டர் போதும். மும்பையில் இதற்கு ஒரு வசதி உண்டு. எருமைத் தொழுவங்களை இங்கே தபேலா என்பார்கள்; அங்கிருந்து காலையில் கறந்து வீட்டுக்கு வரும் எருமைப்பால் இன்னும் பல பகுதிகளில் கிடைக்கிறது. நகருக்குள் சிதறிக் கிடந்த தொழுவங்களை ஓரிடத்துக்குக் கொண்டுபோவதற்காக 1949-இல் கோரேகாவில் ஆரே பால் காலனி அமைக்கப்பட்டது என்பதையும், எருமைகள் இருந்த நகரம்தான் இது என்பதையும் குழந்தைகளிடம் சொன்னால், பால் பாக்கெட்டில் பிறப்பதில்லை என்பது அவர்களுக்குப் புரியும். எருமைப்பாலில் கொழுப்பும் கெட்டிப்பொருளும் கூடுதல் என்பதால் பனீர் வெள்ளையாகவும் இறுக்கமாகவும் அமையும். 1 லிட்டருக்கு 200 கிராம் அளவுக்குக் கூடக் கிடைக்கும். பசும்பாலில் செய்தால் இலேசான மஞ்சள் சாயலோடு, மென்மையாக, பிசைவதற்கு ஏற்றதாக வரும்.

பாக்கெட் பால் வாங்குவதானால் 'ஃபுல் க்ரீம்' என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்குங்கள். அதில் குறைந்தது 6 சதவீதக் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. 'டோன்ட்' பாலில் 3 சதவீதம்தான். டோன்ட் பாலிலும் பனீர் வரும், ஆனால் 130 அல்லது 150 கிராமோடு நின்றுவிடும்; சற்று வறட்சியாகவும் இருக்கும். அட்டைப் பெட்டியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் பாலை இதற்கு நான் எடுப்பதில்லை. மிக அதிகச் சூட்டில் பதப்படுத்தப்பட்ட அந்தப் பாலில் திரள்கள் பொடிப்பொடியாகவே வருகின்றன. துண்டு போடும்போது கையில் உதிர்கின்றன.

தபேலா பால் காய்ச்சாத பால் என்பதை மறக்கக் கூடாது. குழந்தைகள் ஆர்வத்தில் விரலை விட்டு ருசி பார்ப்பார்கள்; காய்ச்சும் முன் அதைத் தடுத்துவிடுங்கள். பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு, காய்ச்சினாலும் திரித்தாலும் பனீர் ஆகாது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்வதானால் அவர்களின் அம்மாவிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திரமும் வேலைப் பங்கீடும்

அடி கனமான பாத்திரம் ஒன்று, நீளமான கரண்டி, வடிதட்டு, அதன் அடியில் வைக்க ஒரு பெரிய பாத்திரம், சுத்தமான பருத்தித் துணி. இவற்றோடு 2 பெரிய எலுமிச்சம்பழம், உப்பு, ஒரு சொம்பு குளிர்ந்த நீர். பாத்திரத்தில் பாதி காலியாக இருக்குமாறு பெரியதாக எடுங்கள். பால் பொங்குவது நாம் திரும்பிப் பார்க்கும் நேரத்தில்தான். துணி, சோப்புத் தூள் வாசம் துளியும் இல்லாததாக இருக்க வேண்டும், ஏனெனில் சூடான பனீர் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும்.

நெருப்பு, கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்குவது, சூடாக வடிப்பது ஆகிய மூன்றும் பெரியவர் வேலை. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. எலுமிச்சை பிழிவது, அளப்பது, ஊற்றுவது, அலசுவது, உப்புப் போடுவது, எடை ஏற்றுவது எல்லாம் குழந்தைகள் வேலை. மும்பைச் சமையலறைகளின் அகலம் நமக்குத் தெரியும்: இரண்டு பேர் நின்றாலே மூன்றாமவருக்கு இடமில்லை. அதனால் ஊற்றும் கட்டம் வந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, தரையில் தடித்த பலகையின்மேல் வைத்துவிடுகிறேன். பாத்திரம் தடுமாறிக் கவிழ வாய்ப்பில்லை. குழந்தைகளும் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். பால் அப்போதும் கையைச் சுடும் சூட்டில்தான் இருக்கும், ஆகவே என் ஒரு கை எப்போதும் பாத்திரத்தின் காதில் இருக்கும். தவழும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் இந்த ஏற்பாடு வேண்டாம், மேடையிலேயே செய்யுங்கள்.

தொடங்கும் முன் ஒரு சிறு சோதனை

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஒன்றில் குளிர்ந்த பாலும் மற்றொன்றில் நன்கு சுடவைத்த பாலும் கால் பங்கு ஊற்றி, இரண்டிலும் ஒவ்வொரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடச் சொல்லுங்கள். சுடுபாலில் வெள்ளைத் துணுக்குகள் உடனே பிரிந்து மிதக்கும். குளிர்ந்த பால் மெல்ல மெல்லக் குறுணையாகத் தடிக்குமே தவிர, தண்ணீர் தெளிவாகப் பிரியாது. அடுப்பு எதற்கு என்ற கேள்விக்கு அந்த இரண்டு தம்ளர்களே விடை.

காரணத்தையும் குழந்தை மொழியில் சொல்லலாம். பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசின். அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். புளிப்பு சேர்ந்ததும் அந்தத் தள்ளுகை குறைந்து, உருண்டைகள் ஒட்டிக்கொண்டு, இடையில் கொழுப்பையும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே ஆடுவார்கள்: எல்லோரும் கைகளை நீட்டியபடி ஒருவரை ஒருவர் தொடாமல் சுற்ற வேண்டும், "எலுமிச்சை!" என்று ஒருவர் கத்தியதும் கைகளை மடக்கி ஒரே கொத்தாக ஒட்டிக்கொள்ள வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு எண்களையும் சொல்லலாம். புளிப்பைக் காட்டும் அளவான பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) பாலில் ஏறத்தாழ 6.6. கேசின் முழுவதும் திரள 4.6 வரை இறங்க வேண்டும்; பால் நன்கு சூடாக இருந்தாலோ 5.3, 5.4 அருகிலேயே திரண்டுவிடும். சூடான பாலுக்குக் குறைந்த புளிப்பே போதும் என்பதற்கும், அதனால் பனீர் புளிக்காமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

காய்ச்சுதல்

பாத்திரத்தில் முதலில் இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டுப் பிறகு பாலை ஊற்றினால் அடிப்பிடிப்பது குறையும். நடுத்தரத் தீயில் வைத்து, அடியைத் தொட்டுத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். அடிப்பிடித்த வாசம் பாலுக்குள் போய்விட்டால் அதை எதனாலும் எடுக்க முடியாது. ஓரங்களில் நுரை கட்டி, நடுவில் பொங்கி எழும் நேரத்தில் தீயைத் தணித்து, இன்னும் 3 நிமிடம் அப்படியே கொதிக்கவிடுங்கள். இந்தச் சூட்டில்தான், பொதுவாகத் தண்ணீரோடு போய்விடக்கூடிய மற்றப் புரதங்களும் இயல்பு மாறி, கேசினோடு ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வருகின்றன. கொதிக்காத பாலில் செய்தால் அளவு குறைவதற்குக் காரணம் அதுவே.

அடுப்பை அணைத்துவிட்டு 4 அல்லது 5 நிமிடம் காத்திருங்கள். சமையல் வெப்பமானி இருந்தால், 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரும்போது ஊற்றத் தொடங்கலாம். வெப்பமானியை வாசித்துச் சொல்லும் பொறுப்பை மூத்த குழந்தைக்குக் கொடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பனீர் விறைத்துப்போகும். ஆறவிட்டு ஊற்றினால் குழைந்துபோகும்.

ஊற்றுதல்

எலுமிச்சைச் சாற்றை விதை நீக்கி வடிகட்டி, 3 மேசைக்கரண்டி எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். எலுமிச்சைக்குப் பதிலாக 2 மேசைக்கரண்டி வினிகரைத் தண்ணீர் கலந்து விடலாம். அல்லது 2 கிராம் சிட்ரிக் அமிலத்தை, அதாவது அரைத் தேக்கரண்டியை, அரைத் தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து விடலாம். எலுமிச்சையின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால் கரண்டிக் கணக்கை மட்டும் நம்பாமல் பாத்திரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்குத்தான் குழந்தையின் கண் தேவை.

ஒரு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். கரண்டியால் அடியிலிருந்து மேலாக இரண்டே இரண்டு முறை, ஏதோ தூங்குகிற குழந்தையைப் புரட்டுவதுபோல மெதுவாகத் திருப்புங்கள். அரை நிமிடம் நிறுத்துங்கள். முதல் கரண்டியில் பெரும்பாலும் எதுவும் நடந்ததுபோலத் தெரியாது. இரண்டாவதில், கரண்டியின் முதுகில் ஒட்டும் பாலில் மணல்போலச் சிறு குறுணை தெரியும். மூன்றாவதில் பாலின் மேற்பரப்பு விரிசல் விட்டதுபோல் ஆகும். அதன்பின் கண்ணெதிரே வெள்ளைத் திரள்கள் மேகம்போல ஒதுங்கி, இடையில் நீர் எட்டிப்பார்க்கும். "அம்மா, தண்ணி பச்சையா இருக்கு!" என்று என் மகன் கத்தியது இந்த இடத்தில்தான். அவன் சொன்னது சரி. அந்த நீருக்கு இலேசான பச்சை கலந்த மஞ்சள் நிறம் உண்டு. பாலில் உள்ள ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின், தரும் நிறம் அது. வெள்ளைத் திரள்கள் மறைத்திருந்ததால் அதுவரை நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

நீர் தெளிந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கிண்ணத்தில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். என் முதல் முயற்சியில் நான் செய்த பிழை அதுதான். பால் பிரிந்துவிட்ட பிறகும், உறுதியாக இருக்கட்டும் என்று இன்னொரு பழம் பிழிந்து, அதையும் கொதிக்கவிட்டேன். பனீர் ரப்பர்போல ஆகி, கடித்தால் கிறீச்சிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பிரிந்ததும் மூடி போட்டு 5 நிமிடம் அசைக்காமல் வைத்தால், திரள்கள் தாமே சேர்ந்து கீழே படியும்.

கலந்துவைத்த சாறு முழுவதும் போன பிறகும் நீர் இன்னும் பால்போல வெண்மையாக இருந்தால், பயப்பட ஒன்றுமில்லை. பால் ஆறியிருக்கக்கூடும், அல்லது பழத்தில் புளிப்புக் குறைவாக இருந்திருக்கக்கூடும். சிறு தீயில் ஒரு நிமிடம் சூடாக்கி, ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேர்த்துப் பாருங்கள்.

வடித்தல், அலசுதல்

வடிதட்டில் துணியை விரித்து, அடியில் பாத்திரம் வைத்து, பெரியவர் மெதுவாகச் சாய்த்து ஊற்ற வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும்; குழந்தைகள் ஒரு கை தூரம் தள்ளி நிற்கட்டும். நீர் வடிந்ததும் குளிர்ந்த நீரைத் திரளின்மேல் ஊற்றி விரலால் கிளறி அலசும் வேலையைக் குழந்தைகளிடம் விடலாம். எலுமிச்சை வாசமும் புளிப்பும் போகும், சூடும் அடங்கும். உப்பு வேண்டுமானால் இப்போதே அரைத் தேக்கரண்டி தூவிக் கலந்துவிடுங்கள். அழுத்திய பின் உப்பு உள்ளே போகாது.

இந்த நிலையில் ஒரு பிடியைத் தனியே எடுத்து, நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து இளையவனுக்குக் கொடுத்துவிடுவேன். நான்கு வயதுக் குழந்தை இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அழுத்துதல்

துணியின் நான்கு முனைகளையும் சேர்த்து முறுக்கி, கையில் சுடாத அளவுக்கு ஆறியபின் குழந்தைகளைப் பிழியச் சொல்லுங்கள். பிறகு துணியோடு ஒரு தட்டின்மேல் வைத்து, ஒன்றரை அங்குல உயரத்துக்குச் சதுரமாகத் தட்டி, மேலே இன்னொரு தட்டு வைத்து எடை ஏற்றுங்கள். தண்ணீர் நிரப்பிய 3 லிட்டர் குக்கர் இதற்கு மிகப் பொருத்தம். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் பனீரும் ஆப்புபோலச் சாய்ந்துவிடும், ஆகவே நடுவில் நிற்கிறதா என்று குழந்தையைத் தரையோடு குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். 30 நிமிடத்தில் வெட்டும் பதம் வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வறண்டுவிடும்.

மும்பைப் பார்சிகளிடம் 'டோப்லி நு பனீர்' என்று ஒரு வகை உண்டு. டோப்லி என்றால் சிறு கூடை. ரென்னட் என்ற, பாலை உறையவைக்கும் நொதியைக் கொண்டு செய்த மென்மையான அந்தப் பனீரைப் பிரம்புக் கூடையில் வார்ப்பதால் மேலே கூடைப் பின்னலின் தடம் பதிந்திருக்கும். அதைப் பற்றிச் சொன்னதும் என் மகள் துளையுள்ள இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். குழிகளில் ஈரத்துணி விரித்து, திரளை நிரப்பி, துணியை மடித்து, மேலே ஒரு கிண்ணத்தை வைத்து அழுத்தினோம். இட்லி வடிவத்தில் பனீர் வந்தது. இப்போதெல்லாம் ஒரு பங்கு அப்படித்தான்.

துணியைப் பிரித்ததும் கட்டியை முழுசாகக் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்துக் குளிர்பெட்டியில் 2 மணி நேரம் வையுங்கள். கட்டி உறுதிப்பட்டு, கத்தியில் ஒட்டாமல் வெட்டலாம்.

வடித்த தண்ணீர்

1 லிட்டர் பாலில் கிடைக்கும் முக்கால் லிட்டர் நீரைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். பாலின் சர்க்கரையான லாக்டோஸும் தாதுக்களும் சிறிது புரதமும் அதில்தான் இருக்கின்றன. சப்பாத்தி மாவு பிசைந்தால் சப்பாத்தி மிருதுவாக வருகிறது. பாட்டி அதில் ரசம் வைப்பார், புளியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு. குளிர்பெட்டியில் 2 நாள் இருக்கும். நன்கு புளித்த நீர் இருந்தால், அதையே அடுத்த முறை எலுமிச்சைக்குப் பதிலாகப் பாலைத் திரிக்க விடலாம். அளவுதான் கூடுதலாகத் தேவைப்படும்.

வைத்திருத்தலும் ஒப்பிடுதலும்

வீட்டுப் பனீரை நீரில் மூழ்கியபடி, நீரைத் தினமும் மாற்றி, 3 நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. தொட்டால் வழுவழுப்பாக இருந்தாலோ, புளிப்பு வாசம் வந்தாலோ எறிந்துவிட வேண்டும்.

கடையில் வாங்கிய துண்டையும் வீட்டுத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகள் ஒப்பிடட்டும். மாவுப்பொருள் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சோதனை உண்டு: சிறு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியபின் மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விட வேண்டும். நீல நிறம் வந்தால் மாவு இருக்கிறது. சொட்டு விடும் வேலையைப் பெரியவர் செய்து, அந்தத் துண்டை உடனே குப்பையில் போட்டுவிடுங்கள்.

பெயரைப் பற்றியும் கேள்வி வரும். கல்யாண வீட்டு வாசலில் செம்பிலிருந்து தெளிக்கும் பன்னீர் வேறு, இந்தப் பனீர் வேறு. பனீர் பாரசீகச் சொல். அந்த மொழியில் பாலாடைக்கட்டி என்றே பொருள்.

அடுப்பே இல்லாமல் ஒரு வழி

மிகச் சிறிய குழந்தைகளோடு தனியாக இருக்கும் நாளில் அடுப்பு வேண்டாம் என்று தோன்றினால், தயிரைத் தொங்கவிடுங்கள். மராட்டிய வீடுகளில் இதைச் சக்கா என்பார்கள். ஸ்ரீகண்டு என்ற இனிப்புக்கு அடிப்படை அதுதான். அரைக் கிலோ புளிக்காத கெட்டித் தயிரைத் துணியில் மூட்டையாகக் கட்டி, வடிதட்டில் வைத்து, அடியில் கிண்ணம் வைத்து, 6 முதல் 8 மணி நேரம் விட்டால் ஏறக்குறைய பாதியாகச் சுண்டிய மென்மையான கட்டி கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மும்பை மழைக்காலப் புழுக்கத்தில் வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும் என்பதால் குளிர்பெட்டிக்குள்ளேயே வையுங்கள். இரவு படுக்கும் முன் குழந்தையே முடிச்சைப் போடட்டும்; காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கிண்ணத்தில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஓடுவார்கள். உப்பும் பொடியாக நறுக்கிய கொத்தமல்லியும் கலந்து, சூடான தோசையின்மேல் தடவிக் கொடுங்கள்.